எந்தக் கடலில் விழுந்தது கண்மாய்?

திருப்புவனத்துக்கும் மானாமதுரைக்கும் இடையில் வைகைத் தண்ணீரை நம்பியிருக்கும் 42 கண்மாய்களின் கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால்வாய் ஆகிய எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் பகுதிப் பாசன விவசாயிகள் முடிவு செய்தபோது, அந்தப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. நான் வணிகவியல் படித்து, கணக்கு எழுதிப் பிழைப்பவன். கணினியில் எக்செல்லுக்கு மேல் அறியாதவன். கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கும் ஆழ்ந்த காரணம் எதுவும் இல்லை. 2002இல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கி, பின்னர் பல நாட்டுத் தன்னார்வலர்கள் வளர்த்தெடுத்த அந்த மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது ஒன்றே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. வேலை முடிய இரண்டு மழைக்காலங்கள் ஆயின. அதில் வரைவதற்குப் பிடித்த நேரம் குறைவு. வரைந்தவை எங்கே போயின என்று தேடியதுதான் அதிகம்.

தொடக்கம் எளிதாகத்தான் தோன்றியது. ஒவ்வொரு கண்மாயின் மடையருகிலும் நின்று கைப்பேசியில் குறித்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எக்செல்லில் தட்டி, சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாகச் சேமித்து, கியூஜிஐஎஸ்ஸில் ஏற்றினேன். இடப்பக்கப் பட்டியலில் அடுக்கின், அதாவது ஏற்றிய தரவுத் தொகுதியின், பெயர் வந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. பெயரின்மேல் ரைட் கிளிக் செய்து 'ஜூம் டு லேயர்' கொடுத்தால், வெள்ளைத் தாளில் சிந்திய எள்ளைப்போல 42 புள்ளிகள் தெரிந்தன. ஆனால் ஊரைக் காட்டும் அடிப்படை வரைபடத்தைப் பின்னால் இட்டு மானாமதுரைக்குப் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு புள்ளியும் இல்லை. மென்பொருளில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அதை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவினேன். இரண்டு இரவுகள் வீணான பிறகு, உலகம் முழுவதும் தெரியும்படி பின்வாங்கிப் பார்த்தபோது, ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கேயுள்ள கடலில் எங்கள் கண்மாய்கள் மிதந்துகொண்டிருந்தன.

நாம் பேச்சிலும் எழுத்திலும் அட்சரேகையை முதலில் சொல்லியே பழகியிருக்கிறோம். கைப்பேசியும் அந்த வரிசையில்தான் காட்டுகிறது. மென்பொருளோ எக்ஸ், ஒய் என்று கேட்கிறது. எக்ஸ் என்பது கிழக்கு மேற்கு, ஆகவே தீர்க்கரேகை. ஒய் என்பது தெற்கு வடக்கு, ஆகவே அட்சரேகை. நான் முதலில் வந்ததை முதற்கட்டத்தில் இட்டதால், 9.7 வடக்கு, 78.4 கிழக்கு என்றிருக்க வேண்டிய இடம் 78.4 வடக்கு, 9.7 கிழக்கு என்று மாறிவிட்டது. இரண்டு கட்டங்களையும் மாற்றிப் போட்டதும் புள்ளிகள் ஊருக்கு வந்து சேர்ந்தன.

அடுத்து, செயற்கைக்கோள் படத்தைப் பின்னால் வைத்துக் கண்மாய்களின் எல்லைகளை வரைந்தேன். வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் 24.30.0 ஹெக்டேர் (அதாவது 24.3) என்று எழுதப்பட்டிருந்த ஒரு கண்மாயின் பரப்பைக் கணக்கிட்டதில் 0.00002 என்று வந்தது. எதால் பெருக்கினால் இது ஹெக்டேர் ஆகும் என்று ஒரு மாலை முழுவதும் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தேன். அது சதுரப் பாகை என்ற, நிலத்தில் எந்தப் பொருளும் இல்லாத அலகு என்பதை நில அளவைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர்தான் சொன்னார். "சார், பாகையில வச்சுக்கிட்டு பரப்பு கேட்டா எப்படி? மீட்டருக்கு மாத்துங்க. நமக்கு யூடிஎம் 44" என்றார். உலகை நெடுக்குவாக்கில் மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறைதான் யூடிஎம். நானும் அடுக்கின்மேல் ரைட் கிளிக் செய்து, 'செட் லேயர் சிஆர்எஸ்' (சிஆர்எஸ் என்பது எண்கள் எந்த அளவு முறையைச் சேர்ந்தவை என்ற குறிப்பு) என்பதில், கைப்பேசியின் ஜிபிஎஸ் பயன்படுத்தும் பாகை முறையான டபிள்யூஜிஎஸ் 84-ஐக் குறிக்கும் 4326 என்ற எண்ணை எடுத்துவிட்டு, யூடிஎம் 44 வடக்கு மண்டலத்தைக் குறிக்கும் 32644-ஐ இட்டேன். கண்மாய்கள் மறுபடியும் மறைந்தன.

இந்த முறை அவை பூமத்திய ரேகைக்கு வந்திருந்தன. மாலத்தீவுக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலின் நடுவில். உருப்பெருக்கி உருப்பெருக்கிப் பார்த்தால், 42 கண்மாய்களும் ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கிக் கிடந்தன. இந்த மென்பொருளைக் கற்கத் தொடங்கும் யாரும் தப்ப முடியாத பிழை இதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே சற்று விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'செட் சிஆர்எஸ்' என்பது எண்களை மாற்றுவதில்லை. அந்த எண்கள் எந்த அளவு முறையைச் சேர்ந்தவை என்ற சீட்டை மட்டும் மாற்றுகிறது. முழக்கணக்கில் அளந்த துணியின்மேல் மீட்டர் என்று சீட்டு ஒட்டியதற்கு ஒப்பானது நான் செய்த காரியம். 78.4 பாகை என்ற எண் 78.4 மீட்டர் என்று பொருள்கொள்ளப்பட்டது. ஊர்கள் எல்லாம் பாகையில் ஒன்றின் சிறு பின்னத்துக்குள் அமைந்திருப்பதால், மீட்டர் கணக்கில் அவை ஒரு சாணுக்குள் சுருங்கிவிட்டன. எண்களையே மாற்ற வேண்டுமானால் 'ரீப்ராஜெக்ட் லேயர்' என்ற கருவியைப் பயன்படுத்த வேண்டும். அல்லது அடுக்கைப் புதிய கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது வேண்டிய சிஆர்எஸ்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோப்பின் சீட்டு தவறாக இருக்கிறது அல்லது சீட்டே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே 'செட்' பக்கம் போக வேண்டும்.

முறையாக மாற்றிய பிறகும் ஒரு சிறு நெருடல் இருந்தது. மென்பொருளில் பரப்பைக் கணக்கிடும் 'ஏரியா' சூத்திரத்தை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே கண்மாய்க்கு, டாலர் குறியோடு எழுதும் ஏரியா ($area) ஒரு விடையையும், ஜியோமெட்ரியை அடைப்புக்குள் இட்டு எழுதும் ஏரியா (area($geometry)) இன்னொரு விடையையும் தந்தன. 24.3 ஹெக்டேரில் வேறுபாடு ஏறத்தாழ 290 சதுர மீட்டர். நம் கணக்கில் 7 சென்ட். முன்னது பூமியின் வளைவைக் கணக்கில் கொள்கிறது. பின்னது தட்டையான தாளில் அளக்கிறது. யூடிஎம் 44 மண்டலத்தின் நடுக்கோடு 81 பாகையில் செல்கிறது. நாங்கள் அதற்கு மேற்கே இரண்டரைப் பாகைக்கும் அப்பால் மண்டலத்தின் ஓரத்தை ஒட்டி இருப்பதால், தாளில் நிலம் சற்று இழுபட்டுப் பெரிதாகத் தெரிகிறது. கண்மாயின் கொள்ளளவுக்கு இது பொருட்டில்லை. ஆக்கிரமிப்பு வழக்கில் 7 சென்ட் என்றால் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொள்ளும் அளவு. ஆகவே எந்த ஏரியாவைப் பயன்படுத்தினேன் என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது கடல் எனக்கு உசிலம்பட்டி நண்பர் ஒருவரால் வாய்த்தது. அவர் தம் பகுதிக் கண்மாய்களை மீட்டர் கணக்கில் வரைந்து அனுப்பியிருந்தார். கோப்பில் சிஆர்எஸ் குறிப்பு இல்லை. மதுரை மாவட்டம்தானே என்று 44-ஆம் மண்டலத்தைக் கொடுத்தேன். எல்லாம் இலங்கைக்கு வடகிழக்கே வங்காள விரிகுடாவில் போய் விழுந்தன. 43, 44 ஆகிய மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகைக் கோடு, மதுரை நகருக்கும் உசிலம்பட்டிக்கும் இடையில் செல்கிறது. தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே மண்டலம் போதும் என்று எண்ணியிருந்தேன். கோயம்புத்தூர் 43-இல், சென்னை 44-இல் என்பது அப்போதுதான் தெரிந்தது. சீட்டை 32643 என்று திருத்தியதும் உசிலம்பட்டி உசிலம்பட்டிக்கே வந்தது. இங்கே 'செட்' செய்ததுதான் சரி என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டது. யாராவது தம் புள்ளிகள் காணவில்லை என்று தொலைபேசியில் அழைத்தால், எந்தக் கடலில் விழுந்திருக்கின்றன என்றுதான் முதலில் கேட்பேன். ஆர்க்டிக் என்றால் வரிசை மாறியிருக்கிறது. பூமத்திய ரேகை என்றால் பாகைக்கு மீட்டர் சீட்டு. வங்காள விரிகுடா என்றால் மண்டலம் தவறு. கடலில் விழாமல், கமுதிக்கு மேற்கே ஏதோ ஒரு வயலில் கிடக்கிறது என்றால், 9 பாகை 41 நிமிடம் 30 விநாடி என்பதை 9.4130 என்று எழுதியிருக்கிறார்கள். அது 9.6917 என்றிருக்க வேண்டும். இந்த ஒரு பிழை மட்டுமே இடத்தை 30 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவிடும். தள்ளிய இடத்திலும் கண்மாய்கள் இருப்பதால் பார்த்தவுடன் சந்தேகம் வராது.

கடலில் விழும் பிழையை நான் நல்ல பிழை என்றே சொல்வேன். அது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. எங்களை உண்மையில் தலைகுனிய வைத்தது வேறொன்று. பழைய வரத்துக்கால்வாய்களின் போக்கு செயற்கைக்கோள் படத்தில் தெரியவில்லை, சீமைக்கருவேலம் மூடிவிட்டது. ஆகவே இந்திய நில அளவைத் துறை பல பத்தாண்டுகளுக்கு முன் வெளியிட்ட 58 கே/6 என்ற எண்ணுள்ள தாளின் நகலைப் படமாக்கி, அதன் ஓரங்களில் அச்சிட்டிருந்த பாகை எண்களை ஜியோரெஃபரன்சர் கருவியில் கொடுத்து, கணினி வரைபடத்தில் பொருத்தினேன். பிழை அளவு மிகக் குறைவாகக் காட்டியது. கருவியே பாராட்டுவதுபோல இருந்தது. அந்தத் தாளிலிருந்து கால்வாய்களையும், மண் மூடிப்போன மடைகளையும் நகலெடுத்து, கியூஃபீல்டு என்ற செயலி வழியாகக் கைப்பேசிக்கு மாற்றிக்கொண்டு கரைக்குப் போனேன்.

அங்கே நீர்பாய்ச்சியாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வந்திருந்தார். கைப்பேசியை வாங்கிக் கண்ணுக்கு நெருக்கமாகவும், பிறகு கையை நீட்டித் தொலைவாகவும் வைத்துப் பார்த்தார். நாங்கள் நின்ற இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியின்மேல் விரலை வைத்து, "இது நம்மதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விரலைக் கீழ்நோக்கி நகர்த்தினார். "அப்ப என்ன தம்பி, நடுமடையக் கொண்டுபோய் வயக்காட்டுக்குள்ள வச்சிருக்கீங்க? மடை இந்தா காலடியில கிடக்கு." செருப்புக் காலால் மண்ணை ஒதுக்கினார், வெட்டுக்கல் ஒன்றின் விளிம்பு தெரிந்தது. வரைபடத்தில் அந்த மடை, தென்கிழக்கே இருநூறு மீட்டருக்கும் மேல் தள்ளி, ஆயக்கட்டின் நடுவில் இருந்தது.

தாளில் இருந்த பாகையும் கைப்பேசி காட்டும் பாகையும் ஒன்றல்ல என்பதே காரணம். வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையர் 1802இல் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டுத் தொடங்கிய பெரும் அளவைப் பணியின் வழிவந்த தாள்கள் அவை. பூமியின் வடிவத்துக்கு 1830ஆம் ஆண்டு, அவருக்குப் பின் அந்தப் பணியை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் கணித்த நீள்கோளத்தையும், தொடக்கப் புள்ளிக்கு மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூரையும் அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ்ஸோ டபிள்யூஜிஎஸ் 84-ஐ அடிப்படையாகக் கொண்டது. எங்கள் பகுதியில் இரண்டுக்கும் இடையிலான விலகல்தான் அந்த இருநூற்றுச் சொச்ச மீட்டர். தாளைப் பொருத்தும்போது 4326 என்பதற்குப் பதிலாகக் கல்யாண்பூர் 1975-ஐக் குறிக்கும் 4146-ஐக் கொடுத்து, பிறகு மாற்றிக்கொண்டபோது பெரும்பகுதி சரியானது. மிச்சத்தைக் கலுங்கு, கோயில், ரயில்பாதைக் கடவு என்று இன்றும் இடம் மாறாத ஏழெட்டு இடங்களில் புள்ளி எடுத்துச் சரிபார்த்தேன்.

ஜியோரெஃபரன்சர் காட்டும் பிழை அளவைப் பற்றி ஒரு வார்த்தை. அது, நாம் கொடுத்த புள்ளிகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே சொல்கிறது; எல்லாமே ஒரே திசையில் ஒரே அளவு தவறாக இருந்தால் அதற்குத் தெரியாது. 'தின் பிளேட் ஸ்ப்லைன்' முறையைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு புள்ளியையும் அது இழுத்துப் பொருத்திவிடுவதால் பிழை கிட்டத்தட்ட பூச்சியம் என்றே காட்டும். கிழிந்து மடிந்த கிராமப் படத்துக்கு வேறு வழி இல்லாதபோது அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். நல்ல தாளுக்கு முதல் வரிசைப் பல்லுறுப்பு முறையே போதும். அதற்கு மூன்று புள்ளிகள் குறைந்தபட்சத் தேவை. நான் பத்து கொடுத்து, அவற்றில் எது முரண்டு பிடிக்கிறது என்று பார்ப்பேன்.

அலகுச் சிக்கல், ஒவ்வொரு புல எண்ணின் அளவுகளையும் காட்டும் புலப்படத்திலும் வந்தது. மிகப் பழைய நகல் ஒன்றில் ஒரு பக்கத்தின் நீளம் 250 என்றிருந்ததை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு வரைந்தேன். ஒரு புஞ்சைத் துண்டு, பக்கத்திலிருந்த ஊருணியையும் தெருவையும் விழுங்கிக்கொண்டு நின்றது. ஓய்வு பெற்ற அளவையர் சிரித்துவிட்டார். அது லிங்க் கணக்கு. நூறு லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. 250 லிங்க் என்பது 50.3 மீட்டர்தான்.

வரைபடத்துக்குப் பின்னால் இருக்கும் அட்டவணையும் சளைத்ததல்ல. புல எண் 12/3 என்று தட்டினால் எக்செல் அதை மார்ச் 12 என்ற தேதியாக்கிவிடுகிறது. நூற்றைம்பது வரிகளுக்குப் பிறகுதான் கவனித்தேன். எண்களைத் தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் வகையாக மாற்றிவிட வேண்டும். மாறிய பிறகு திருத்துவது வீண் உழைப்பு. தமிழ்ப் பெயர்களோ, வரைபடத் தரவைச் சேமிக்கும் ஷேப்ஃபைல் என்ற கோப்பு வகையில் சிதைந்தன. அந்தக் கோப்பு வகையில் பத்தியின் பெயருக்குப் பத்து பைட்டுகளே இடம். ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் 'கண்மாய் பெயர்', 'கண்மாய் பரப்பு' ஆகிய இரண்டும் 'கண்' என்பதோடு நின்றுபோயின. ஷேப்ஃபைல் என்பது ஒரே கோப்பும் அல்ல. எஸ்ஹெச்பி, எஸ்ஹெச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே என்று நான்கைந்து சேர்ந்ததுதான் அது. உசிலம்பட்டி நண்பர், சிஆர்எஸ் குறிப்பைத் தாங்கும் பிஆர்ஜே கோப்பை அனுப்பாமல் விட்டதால்தான் அவருடைய கண்மாய்கள் கடலுக்குப் போயின. இப்போது எல்லாவற்றையும் ஜியோபேக்கேஜ் என்ற வேறு கோப்பு வகையில் வைத்துக்கொள்கிறேன். ஒரே கோப்பு, தமிழ்ப் பெயரும் முழுதாக நிற்கிறது.

புகைப்படங்களை ஊர்க்காரர்கள் செய்திச் செயலி வழியாகப் படமாக அனுப்பினால், எடுத்த இடத்தின் குறிப்பு அதிலிருந்து நீங்கிவிடுகிறது. ஆவணமாக அனுப்பச் சொல்ல வேண்டும்; இதை எத்தனை முறை சொன்னாலும் பாதிப்பேர் படமாகத்தான் அனுப்புவார்கள்.

ஒருமுறை கூட்டம் ஒன்றில் காட்டுவதற்காக பென் டிரைவில் புராஜெக்ட் கோப்பை மட்டும் எடுத்துச்சென்றேன். அதைத் திறந்தால் எல்லா அடுக்குகளும் காணவில்லை என்று பட்டியல் வந்தது. நாற்பது பேர் முன்னிலையில் வெற்றுத் தாளைக் காட்டி நின்றேன். புராஜெக்ட் கோப்பு என்பது எந்தத் தரவு எங்கே இருக்கிறது, எந்த நிறத்தில் காட்ட வேண்டும் என்ற குறிப்புகளின் தொகுப்பே; தரவு அதில் இல்லை. இப்போது ஒரே கோப்புறையில் இரண்டையும் வைத்து, கோப்புறையை அப்படியே எடுத்துச்செல்கிறேன். அந்தக் கோப்புறையின் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ வைப்பதில்லை. 'கண்மாய் பணி' என்று பெயரிட்டிருந்த காலத்தில் சில பகுப்பாய்வுக் கருவிகள் காரணமே சொல்லாமல் நின்றுவிடும். கருவிகள் தரும் தற்காலிக அடுக்கின் பெயருக்கு அருகில் ஒரு சிறு குறி இருக்கும். அதை அழுத்திச் சேமிக்காமல் மூடினால் உழைப்பு போயிற்று. எச்சரிக்கை வரத்தான் செய்கிறது. இரவு பதினொரு மணிக்கு எந்த எச்சரிக்கையையும் படிக்காமல் சம்மதம் சொல்லும் பழக்கம் நம்முடையது.

மென்பொருள் அடிக்கடி தானாக மூடிக்கொண்ட ஒரு மாதமும் உண்டு. மறுபடி நிறுவியதில் பயனில்லை. பழைய அமைப்புகள் கணினியிலேயே தங்கிவிடுகின்றன. 'யூசர் புரொஃபைல்ஸ்' பகுதியில் புதிய பயனர் ஒன்றை உருவாக்கித் திறந்தபோது சிக்கல் இல்லை. ஆகவே கோளாறு நான் சேர்த்திருந்த பிளகின் என்ற கூடுதல் வசதி ஒன்றில் என்று தெரிந்தது. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு, புதுப்பதிப்பு வந்தவுடன் தாவாமல், நீண்டகால ஆதரவுப் பதிப்பிலேயே இருக்கிறேன்.

நடுமடையைச் சரியான இடத்தில் வைத்த வரைபடத்தை ஏ3 தாளில் அச்சிட்டு நீர்பாய்ச்சிப் பெரியவரிடம் கொண்டுபோனேன். கயிற்றுக் கட்டிலில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு கல் வைத்து, நெடுநேரம் பார்த்தார். மூன்று மடை சரி என்றார். நான்காவது எங்கே என்று கேட்டார். பதிவேட்டிலும் பழைய தாளிலும் மூன்றுதான் என்றேன். எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குக் கூட்டிப்போய், வேலிக் கருவைக்கு அடியில் குத்துக்கல் ஒன்றைக் காட்டினார். முள்ளுக்கு நடுவே கைப்பேசியின் ஜிபிஎஸ் ஆறு மீட்டர் துல்லியத்துக்குக் கீழே இறங்க மறுத்தது. புள்ளியைக் குறித்து, குறிப்புப் பத்தியில் எழுதினேன்: 'பயன்பாட்டில் இல்லாத மடை, ஆவணத்தில் இல்லை, நீர்பாய்ச்சி நேரில் காட்டியது, துல்லியம் 6 மீ.; கோடையில் முள் வெட்டிய பின் மறுபடி எடுக்க வேண்டும்.'